யார் உட்கார்ந்த நாற்காலி?

ஈப்போ நகரத்துத் தமிழர் வீடுகளில் சில ஆண்டுகளாக ஒரு புதிய மோகம் குடியேறியிருக்கிறது. அதற்குப் பழமை மோகம் என்று பெயரிடலாம். பழைய நாற்காலி, பழைய பெஞ்சு, பழைய ஊஞ்சற்பலகை, எல்லாவற்றிற்கும் மேலாகப் பழைய காலத்துக் குழந்தை நாற்காலி ஆகிய இவை இல்லாத வீடு நாகரிகம் இல்லாத வீடு என்று எண்ணுமளவுக்குக் காரியம் முற்றிவிட்டது. பழம்பொருட் சந்தையிலும் பழைய நகரத்துச் சந்துக் கடைகளிலும், கறுத்துப்போன ஒரு மர நாற்காலிக்குப் புதிய நாற்காலிகள் நான்கின் விலையைக் கொடுத்து, அதைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திச் செல்பவர்களைக் காண்கிறோம். பழைய பொருளை வாங்குவதே குற்றம் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் எதை வாங்குகிறோம், அதில் யார் உட்கார்ந்தார்கள், அதன் பக்கத்தில் யார் நின்றார்கள், இனி அதில் உட்காரப்போகும் குழந்தைக்கு அது ஏற்றதா என்னும் கேள்விகளைக் கேளாமல் வாங்குவது அறிவுடைமை ஆகாது என்பதே நமது வாதம்.

இவ்வாதம் என் மனத்தில் தோன்றிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் என் உறவினர் ஒருவர், தம் குழந்தைக்குச் சோறூட்டும் நாளுக்கென்று 1,200 வெள்ளி கொடுத்து ஒரு குழந்தை நாற்காலி வாங்கினார். உயரமான கால்கள், பிரம்பு பின்னிய இருக்கை, முன்னே தட்டு வைக்க ஒரு சிறு பலகை. கூடவே, துரைமார் சாய்ந்திருக்கும் நீண்ட கை நாற்காலி ஒன்றையும் வாங்கி வாசற்கூடத்தில் போட்டிருந்தார். கடைக்காரர் இரண்டும் ஒரு தோட்டத்துப் பங்களாவிலிருந்து வந்தவை என்று சொன்னாராம். அவருடைய தாயார், எனக்குப் பெரியம்மா முறை, 1960களில் ஒரு தோட்டத்துப் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். மகன் பெருமையோடு, “அம்மா, இது அசல் துரை வீட்டு நாற்காலி” என்றார். கிழவி நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்து, பலகைக்கு அடியில் கையை விட்டு, ஒரு சிறு கட்டையைத் தள்ளினார். பலகை திறந்துகொண்டது. கடைக்காரரும் மகனும் அதுவரை அறியாத சூட்சுமம் அது.

“இதுமாதிரி நாற்காலிதான் அங்கேயும் இருந்தது. நின்னுகிட்டே அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஊட்டுவேன். அந்நேரம் நீ ஆயாக் கொட்டகையிலே தூளியிலே கிடப்பே, தம்பி” என்று மட்டும் சொன்னார். பிறகு மகன் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவரோ சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டு, “எனக்கு இதுதாம்ப்பா வசதி” என்றார். எங்களில் யாருக்கும் அதன்பின் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

தோழர்களே! அந்த வசதி எங்கிருந்து வந்தது? எண்பது வயது முழங்காலுக்குத் தரை எப்படி வசதியாகும்? துரையின் வாசலில் நின்று பழகிய கால், கிராணியின் மேசை முன்னே நின்று பழகிய கால், பெரட்டுக்களத்தில் விடியற்காலை இருட்டில் நின்று பழகிய கால், நாற்காலியைக் கண்டால் ஒதுங்கும்படி பழக்கப்பட்டது. அந்தப் பழக்கத்துக்கு வசதி என்று பெயர் சூட்டிக்கொண்டு அந்த அம்மாள் வாழ்ந்துவிட்டார். அவர் பிள்ளை அந்தப் பழக்கத்தின் சின்னத்தையே விலைகொடுத்து வாங்கி நடுவீட்டில் வைத்திருக்கிறார். இதுவே நாம் கண்டிக்கும் விஷயம்.

நாற்காலி என்பது மரமும் ஆணியும் மாத்திரம் அன்று. யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்ற சட்டம் அதில் எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது. துரைமாரின் நீண்ட கை நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். கைப்பலகைகள் முன்னோக்கி நீண்டிருக்கும். தோட்டம் சுற்றிவந்த களைப்பில் கால்களைத் தூக்கி அவற்றின்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கவே அது அவ்வாறு செய்யப்பட்டது. அப்படிக் கால் நீட்டியிருப்பவன் முன்னால் இன்னொருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து சமமாகப் பேச வழி ஏது? அவன் நிற்கத்தான் வேண்டும். இந்த இருக்கை இந்தியாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஒன்றுபோல் பரவியதென்றால், அந்த மூன்று நாடுகளிலும் நின்றவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கெல்லி மாளிகைக்குப் போய்வராத ஈப்போவாசி இல்லை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. அதைக் கட்டச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். 1918இல் பரவிய விஷக் காய்ச்சலில் அவர்களில் பலர் மாண்டனர். பக்கத்தில் அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களுக்கிடையே, வெள்ளை உடை அணிந்த ஒரு துரையின் உருவமும் நிற்கிறது. 1926இல் லிஸ்பன் நகரில் கெல்லி இறந்தார். மாளிகை முடிவுறாமலே நின்றது. இன்று நாம் அங்கே போய், துரையின் பிள்ளைகளுடைய அறைகளில் நின்று படம் பிடித்துக்கொள்கிறோம். அங்கே செங்கல் சுமந்து காய்ச்சலில் மாண்டவர்களின் பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள் என்று கேட்போர் எத்தனை பேர்?

நிற்க. பழைய நாற்காலிப் பிரியர்கள் சொல்லும் சமாதானங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற் சமாதானம்: “பழைய மரம் உறுதியானது, இக்காலத்தில் அப்படிக் கிடைக்காது.” இதில் உண்மை இருக்கிறது. தேக்கு, ஈட்டி, மெர்பாவ் முதலிய மரங்களில் பொருத்துவாய் வெட்டிச் செய்த நாற்காலி இரண்டு தலைமுறை தாங்கும். மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகையில் செய்த பண்டம் ஈரம் பட்டால் உப்பிப் போகும். ஆனால் மரம் உறுதியாயிருப்பதால் குழந்தைக்கு நல்லது என்று முடிவு கட்டலாமா? அந்நாளைய குழந்தை நாற்காலிகள் பலவற்றில் இடுப்பு வாரும் இல்லை, இரு கால்களுக்கிடையே தடுக்கும் கட்டையும் இல்லை. குழந்தை பலகைக்கு அடியில் நழுவிக் கழுத்து மாட்டிக்கொள்ள இடமுண்டு. பின்சட்டங்களின் இடைவெளியில் தலையும், மடக்கும் மூட்டில் விரலும் சிக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1973இல் குழந்தைத் தொட்டில்களின் சட்டங்களுக்கிடையே ஏறக்குறைய 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாதென்று விதி செய்ததன் காரணம் இதுவே. அதற்கு முற்பட்ட பொருளைச் செய்த தச்சன் அந்த விதியை எங்ஙனம் அறிவான்?

இதனினும் பெரிய ஆபத்து வர்ணத்தில் இருக்கிறது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. குழந்தைகளின் மேசை நாற்காலிகளிலும் விளையாட்டுப் பொருள்களிலும் அத்தகைய வர்ணம் பூசுவதை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. குழந்தையின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு குறைவாயிருந்தாலும் அது தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அபிப்பிராயம். ஈயம் மூளையைத் தாக்கும். கற்கும் ஆற்றலைக் குறைக்கும். பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது தன் முன்னே உள்ள பலகையின் விளிம்பையல்லவா? அதைவிட மோசமான காரியம், வாங்கிவந்த நாற்காலியை வீட்டுக்குள்ளேயே வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. பழைய வர்ணத்தின் தூள்தான் விஷம். அது தரையில் படிந்து, தவழும் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குள் போகும். ஆகையால் வர்ணம் பூசிய பழைய குழந்தை நாற்காலியில், அதன் வரலாறு தெரியாத வரையில், குழந்தையை உட்கார வைக்கக் கூடாது. அதன்மேல் பூந்தொட்டியை வையுங்கள், பொம்மையை வையுங்கள்.

இரண்டாவது சமாதானம்: “அக்காலத்து நாற்காலிகளில் ஒழுக்கம் இருந்தது, பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரக் கற்றார்கள்.” இங்கிலாந்தில் ஆஸ்ட்லி கூப்பர் என்று ஒரு புகழ்பெற்ற ரண வைத்தியர் இருந்தார், 1841இல் காலமானவர். அவர் பெயரால் வழங்கும் குழந்தை நாற்காலி ஒன்று இன்றும் பழம்பொருட் கடைகளில் விலைபோகிறது. உயரமாய், குறுகலாய், செங்குத்தான முதுகோடு, சாய இடமின்றிச் செய்யப்பட்டது. பிள்ளை கூனாமல் இருக்க அதை அதில் ஏற்றி உட்கார வைப்பதே நோக்கம். கையொடுங்கிக் காலொடுங்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையைக் கண்டு மகிழ்வது பெரியவர்களுடைய சௌகரியத்துக்கானது. அதைக் குழந்தையின் ஒழுக்கம் என்று சொல்லுவது பொய்.

இதற்கு நேர்மாறாக ஒரு பெண்மணி செய்த காரியத்தைக் கேளுங்கள். இத்தாலிய வைத்தியரான மரியா மாண்டிசோரி 1907இல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் ஒரு குழந்தைகள் இல்லம் திறந்தார். அங்கே தரையோடு அடித்த பெஞ்சுகளுக்குப் பதிலாக, குழந்தையின் அளவுக்குச் சிறியதும் அது தானே தூக்கிச் செல்லத்தக்க கனமற்றதுமான நாற்காலிகளைச் செய்வித்தார். குழந்தை நாற்காலியைத் தள்ளிவிட்டால் ஓசை எழும்; அந்த ஓசையால் அது தன் அசைவைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்த காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கிப் பல நூறு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். நம் வாசலுக்கே வந்த அறிவை விட்டுவிட்டு ஆஸ்ட்லி கூப்பரின் நாற்காலியைத் தேடி அலைவது என்ன புத்தி?

குழந்தைக்கு இருக்கை வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது இது: உட்கார்ந்தால் அதன் உள்ளங்கால் தரையிலோ, கால்வைக்கும் பலகையிலோ படிய வேண்டும். ஐரோப்பியப் பள்ளிச் சாமான்களின் அளவு விதிப்படி, ஏறத்தாழ 93 முதல் 116 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கையின் உயரம் 26 சென்டிமீட்டர். அதற்கு அடுத்த அளவு 31. நார்வே நாட்டின் பீட்டர் ஆப்ஸ்விக் 1972இல் செய்த குழந்தை நாற்காலியில் இருக்கையையும் கால்பலகையையும் பிள்ளை வளர வளர இறக்கிக்கொள்ளலாம். பெரியவர்களின் மேசையில் பெரியவர்களோடு சமமாகப் பிள்ளை உட்காரவேண்டும் என்பதே அதன் நோக்கம். துரை வீட்டு உயர நாற்காலியோ, ஒருத்தி பக்கத்தில் நின்று ஊட்டுவாள் என்பதை முன்கூட்டியே எண்ணிச் செய்யப்பட்டது. பிள்ளை தானே ஏறவும் முடியாது; தானே இறங்கவும் முடியாது.

மூன்றாவது சமாதானம்: “இது நம் சரித்திரம்; காப்பாற்ற வேண்டாமா?” காப்பாற்ற வேண்டியதுதான், ஆனால் எது நம் சரித்திரம்? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் உள்ள தோட்டங்களில் முதலாளி பள்ளி வைக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். அந்தக் கொட்டகையில் நம் பாட்டன்மார் உட்கார்ந்த பெஞ்சு எந்தக் கடையில் விற்கிறது? லயத்து வீட்டில் இருந்த மணைப்பலகை, முக்காலி, மூன்று சக்கர நடைவண்டி, தூளி கட்டிய கம்பு, ஆயாக் கொட்டகையின் பாய் இவையெல்லாம் எங்கே? அடுப்பில் எரிந்து போயின. தோட்டம் துண்டாடப்பட்டபோதும் செம்பனையாக மாறியபோதும் லயத்தோடு சேர்த்து இடிபட்டன. முடிதிருத்தும் கடையில் நாற்காலிக் கைகளின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுச் சிறுவனை ஏற்றி உட்கார வைப்பார்களே, அந்தப் பலகைதான் நம்மில் பலருக்கு வாய்த்த முதல் உயர்ந்த ஆசனம். அதற்கு இன்று விலை பேசுவோர் யார்? வென்றவன் வீட்டுச் சாமான் அலமாரிக்குப் போகிறது. உழைத்தவன் வீட்டுச் சாமான் குப்பைக்குப் போகிறது. இதற்குச் சரித்திரம் என்று பெயரிடுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம். நடைவண்டியோ மணையோ இன்னும் எவர் வீட்டிலாவது இருந்தால், துரை நாற்காலிக்குக் கொடுக்கும் விலையை அதற்குக் கொடுங்கள்.

நான்காவது சமாதானம்: “வீட்டுக்கு அழகு.” அழகை நாம் வெறுப்பவரல்லர். அழகான பழைய இருக்கை வேண்டுமா? ஈப்போவின் சீனக் காப்பிக் கடைகளுக்குப் போங்கள். பளிங்கு மேசையைச் சுற்றி வளைந்த மரத்தாலான நாற்காலிகள் இருக்கும். அவற்றின் மூலத்தை ஆஸ்திரியாவில் தொழில் நடத்திய மைக்கேல் தோனெட் 1859இல் செய்தார். மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்து, ஆறு துண்டுகளையும் சில திருகாணிகளையும் கொண்டு ஒரு நாற்காலி. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். மலிவாகச் செய்து, கப்பலேற்றி, உலகத்தின் கடைவீதிகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். முதலாளிக்கு ஒன்று தொழிலாளிக்கு ஒன்று என்று இல்லாமல், காசு கொடுத்தவன் எவனானாலும் ஒரே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான். பழைய நாற்காலி வாங்கியே தீரவேண்டுமென்பவர் அதை வாங்கட்டும். கால் ஆடுகிறதா, கறையான் துளைத்த பொடி உதிர்கிறதா, பிரம்பு தொய்ந்திருக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து வாங்கட்டும்.

ஆனால் குழந்தைக்கு வாங்குவோருக்கு இன்னும் சிறந்ததொன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதுதான் ரப்பர் மர நாற்காலி. 1877இல் இப்பேராக்கின் கோலகங்சாரில் ஹியூ லோ துரை நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் சந்ததியை மூன்று நான்கு தலைமுறையாக விடியற்காலையில் வெட்டிப் பால் எடுத்தவர்கள் நாம். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்தபின் மரம் விறகாகத்தான் போயிற்று. வெட்டிய சில நாளில் வண்டும் பூஞ்சையும் பற்றிவிடும். பின்னர்த்தான், போரான் உப்பை ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் அது நல்ல பலகையாகும் என்று கண்டு, 1970களின் பிற்பகுதி முதல் அதில் மேசை நாற்காலி செய்யும் தொழில் வளர்ந்தது. இன்று ஜொகூரின் மூவார் நகரத்திலிருந்து அவை உலகமெங்கும் போகின்றன. வெளிறிய நிறம், சிலும்பு எழாத மேற்பரப்பு, நியாயமான விலை. நம் பாட்டி பால் வெட்டிய மரத்தில் நம் பிள்ளை உட்காருகிறது. சரித்திரம் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடச் சரித்திரம் உண்டோ?

இதெல்லாம் வெறும் மரச்சாமான் பேச்சு என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். உட்காரும் உரிமைக்கு உலகம் சட்டம் செய்யவேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1899இல், கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை போடவேண்டும் என்று சட்டம் வந்தது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியபின் 2018இல் உட்காரும் உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாட்டுச் சட்டசபை 2021 செப்டம்பரில் அதேபோல் சட்டம் இயற்றியது. இதற்கு ஓராண்டுக்கு முன்னே, 2020இல், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தாழ்த்தப்பட்ட வகுப்புத் தலைவியைத் தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் உலகமெல்லாம் பரவியது. ஒரு நாற்காலி மறுக்கப்பட்டது. அந்த மறுப்பில் ஆயிரம் ஆண்டு அடங்கியிருந்தது.

பிறரைக் குறை சொல்லிவிட்டு என் குற்றத்தை மறைப்பது நேர்மையன்று. நான் வேலை செய்யும் தோட்ட அலுவலகத்தில், என் மேசைக்கு இந்தப் பக்கம் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. சம்பளக் கணக்குக் கேட்க வருகிறவர், மருத்துவ விடுப்புச் சீட்டோடு வருகிறவர், நம்மவராயினும் வங்காள தேசத்தவராயினும் இந்தோனேசியராயினும் நின்றுகொண்டுதான் பேசினார்கள். ஆங்கிலப் பள்ளியில் சமத்துவத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்ற நான், ஏழு ஆண்டுகள் உட்கார்ந்துகொண்டே பதில் சொன்னேன். துரை போய்விட்டார், துரையின் நாற்காலி என்னிடம் இருந்தது. பெரியம்மா சுவரோரம் உட்கார்ந்த அந்த நாளுக்குப்பின்தான் அது என் கண்ணில் பட்டது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். அவசியமில்லை என்று பதில் வந்தது. பிறகு என் பணத்தில் ரப்பர் மரப் பெஞ்சு ஒன்று வாங்கிப் போட்டேன். முதல் வாரம் ஒருவரும் உட்காரவில்லை. “பரவாயில்லை சார்” என்றே சொன்னார்கள். நான் எழுந்து நின்று பேசத் தொடங்கிய பிறகே அவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஆகவே, தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்களே! வீட்டுக்கு இருக்கை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் என் பிள்ளை பத்திரமாக, தன் கால் ஊன்றி உட்காருமா? என் வீட்டுக்கு வரும் எவரும், வேலைக்காரியாயினும் விருந்தாளியாயினும், இதில் கூசாமல் உட்காரலாமா? என் தாய் இதைக் கண்டால் தரையைத் தேடுவாளா? இம்மூன்றுக்கும் சரியான விடை கிடைத்தால், பழையதோ புதியதோ, தாராளமாக வாங்குங்கள். கிடைக்காவிட்டால், அது ஈட்டி மரமாயினும் இனாமாயினும் வேண்டாமென்று விட்டுவிடுங்கள்.

என் உறவினர் அந்தச் சாய்வு நாற்காலியை விற்றுவிட்டார். குழந்தை நாற்காலியை விற்க மனமின்றி, பெரியம்மா சொன்ன வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிப் பலகைமேல் ஒட்டி வைத்திருக்கிறார்; அதில் குழந்தையை உட்கார வைப்பதில்லை. பெரியம்மாவுக்கென்று கையும் மெத்தையும் வைத்த ஒரு நாற்காலி வந்திருக்கிறது. சென்ற மாதம் நான் போயிருந்தபோது அவர் அதில் உட்கார்ந்திருந்தார். பேரப்பிள்ளை பக்கத்தில் தன் சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தானே சோற்றை அள்ளித் தின்றுகொண்டிருந்தான். பாதி தரையில் சிந்தியது. பெரியம்மா எழுந்து ஊட்டப் போகவில்லை.